சாம்பல் வட்டம்

ஏழு நொடிக்கு ஒரு படம்.
தீப்பெட்டி அளவுக் கேமரா, கழுத்துப் பட்டையில்.
ஓவுலு நகரத்தில் இரண்டாம் வகுப்பு,
பதினோரு பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள்.
பிடிக்காதபோது கையால் மூடிக்கொள்ளலாம் என்று
முதல் நாளே சொல்லியிருந்தோம்.

என் வேலை பார்ப்பது, கட்டங்களை நிரப்புவது.
எண் ஏழு: ஆத்தோஸ், வயது எட்டு.

அவன் வகுப்பில் ஆசிரியைக்குத் தலை இல்லை.
ஒரு சாவிக்கொத்து,
கம்பளிச் சட்டையின் கடைசிப் பொத்தான்.
மேசைகளுக்கு அடிப்பக்கம் இருக்கிறது,
அங்கே காய்ந்த பசை, யாரோ கிறுக்கிய ஏழாம் வாய்ப்பாடு.
ஒன்பதரைக்கும் ஜன்னல் கறுப்பு.
பத்தரைக்குச் சூரியன்:
இரண்டே படம், சுவர் ஆரஞ்சாகி அணைகிறது.

பிறகு அந்தச் சாம்பல் வட்டம்.
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் படங்களில்.
பெற்றோர் கையெழுத்துப் போடாத பிள்ளை.
முகத்தை மென்பொருள் அழித்துவிடும்.
நியாயமான விதி, நான்தான் எழுதினேன்.

வட்டம் ரொட்டியை முறித்துப் பாதியை நீட்டுகிறது.
வட்டம் பனிமேட்டில் தலைகீழாகக் கிடக்கிறது,
இடக்கையில் மட்டும் மஞ்சள் கையுறை,
வலக்கை கோட்டுப் பைக்குள்.
வட்டம் ஒரு சாண் தூரத்துக்கு வந்து
மூச்சு பட்டு லென்ஸ் மங்குகிறது.
ஏதோ ரகசியம்.
நல்லவேளை, ஒலியைப் பதிவதில்லை நாங்கள்.

அழித்த முகம் கணக்கில் வராது.
'சக மாணவருடன்' கட்டத்தில் சுழியம்.
தனியாக
தனியாக
தனியாக
தட்டிக்கொண்டே போகிறேன், சூப் குடிக்கும்போதும் தனியாக,
சறுக்கி விழுந்து இரண்டு பேராக எழும்போதும்.

ஹில்க்கா எட்டிப் பார்த்து,
"பாவம், ஏழுக்கு யாருமே இல்லை போல" என்கிறாள்.
அட்டவணையைத்தான் பார்க்கிறாள்.
நான் பதில் சொல்லவில்லை.

ஒன்று ஐம்பத்திரண்டு, விளையாட்டுத் திடலில்
படம் முழுக்க மஞ்சள்.
கம்பளிப் பின்னல், இழைகளுக்கு நடுவே
ஊசி ஊசியாக வெளிச்சம்.
பத்தொன்பது படங்கள் அப்படியே.
இதற்குப் பட்டியலில் ஒரே தேர்வுதான்:
'அணிந்தவர் மூடினார்.'

காபியில் ஆடை படிந்துவிட்டது.
கட்டத்தைக் காலியாக விட்டு
அடுத்த படத்துக்குப் போகிறேன்.

திடலில் யாருமில்லை. மணி அடித்திருக்க வேண்டும்.
கதவைத் தள்ள
ஓரத்திலிருந்து நீள்கிறது ஆத்தோஸின் வலக்கை,
மஞ்சள் கையுறையோடு.