கோடு விழுந்தால் பத்திரம்

அந்தச் சுவரொட்டியை எழுதியவள் நான்தான்.
“மாணவர்க்குப் பத்து யோசனைகள்.”
புந்தா அரேனாஸ், பல்கலைக்கழகக் கணினிக்கூடம்,
கதவைத் திறந்ததும் இடப்பக்கச் சுவர்.
அதை எழுதிய இரவில் நான் எழுதியிருக்க வேண்டியது
நீரிணையின் நீரோட்டங்கள் பற்றிய
என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம்.
அதை விட்டுவிட்டு,
தலைப்புக்கு எந்த நீலம் எடுப்பாக இருக்கும் என்று
ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு.
கைப்பேசியைப் பையின் அடியில் போடு.
தேவையில்லாத ஜன்னல்களை மூடு.
திரையில் திறந்தவற்றைச் சொன்னேன்.
மற்ற ஜன்னலைப் பற்றி இந்த ஊரில்
யாருக்கும் யாரும் சொல்ல வேண்டாம்;
காற்று நாள்களில் தெருமுனையில் கயிறு கட்டி
அதைப் பிடித்துக்கொண்டுதான் சாலையைக் கடக்கிறோம்.
கோப்புக்கு “இறுதி” என்று பெயர் வைக்காதே, தேதி வை.
என் கோப்பின் பெயர் இறுதி நான்கு.
உள்ளே இரண்டு வரி.

ஏழாவது யோசனைதான் வினை.
ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும்
கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்து.
எங்கோ ஆங்கிலத்தில் படித்ததை அப்படியே இறக்கிவிட்டேன்.
எங்கள் கணினிகள் ஸ்பானியம் பேசுபவை.
இங்கே சேமிக்க ஜி.
குவார்தார் என்றால் காப்பது.
எஸ் அழுத்தினால் அடிக்கோடு விழும், அவ்வளவுதான்.
என் விரலுக்குத் தெரிந்தது
நீலம் தேடிய கண்ணுக்குத் தெரியவில்லை.

யெர்கோ ஓயார்சூன், முதலாண்டு.
அக்கரையில் போர்வெனீரிலிருந்து படகேறி வந்தவன்.
கைப்பேசி தவிர வேறு திரை தொட்டதில்லை.
பதினோராம் எண் கணினியில்
சுவரைப் பார்ப்பதும் தட்டுவதுமாக நான்கு மணி நேரம்.
யாரும் மதிக்காத அந்தக் காகிதத்தை
மதித்த ஒரே ஆள்.

ஒன்பதரைக்குக் காற்று எந்தக் கம்பியையோ அறுத்தது.
திரைகள் செத்தன. இருட்டில்
யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள், நீளமாக.
யெர்கோ மட்டும் சிரித்தான்:
“எனக்குப் பயமில்ல. வாக்கியத்துக்கு வாக்கியம் அழுத்தியிருக்கேன்.”

மின்சாரம் வந்தது.
பதினான்கு பக்கத்தில்
கணினி தானாக மீட்டுத் தந்தது மூன்று.
பெயரில்லாத கோப்பு.
ஒரு வாக்கியம் கோட்டோடு,
அடுத்தது கோடில்லாமல்,
மறுபடி கோட்டோடு.
“கோடு விழுந்தா பத்திரம்னு நெனச்சேன்.”
“கோடு இல்லாதது?”
யோசித்தான்.
“அது இன்னும் பத்திரம்னு.”

எழுதியது நான் என்று உடனே சொல்லவில்லை.
முதலில் மார்க்கர் தேடினேன். காய்ந்திருந்தது.
பேனாவால் எஸ்ஸை ஜி ஆக்கப் பார்த்தால்
எட்டு ஆகிறது.
பிறகுதான் சொன்னேன்.

கத்தியிருக்கலாம்.
பையைத் துழாவி ஒரு நோட்டை எடுத்தான்.
பண்ணையில் எண்ணிய ஆடுகள், ரோமம் கத்தரித்த தேதிகள்,
ஆகஸ்ட் பனியில் விழுந்தவை,
எல்லாம் பென்சிலில், சில இடத்தில் ஈரம் பட்டு.
“நான் சொல்றேன், நீங்க தட்டுங்க.”

தட்டினேன்.
மாத்தே குவளை அவனுக்கும் எனக்கும் நடுவே போய் வந்தது.
காவலர் வந்து சாவிக்கொத்தை ஆட்டினார், போனார்,
மறுபடி வந்து நாற்காலி இழுத்து உட்கார்ந்துவிட்டார்.
ஆட்டுக் கணக்கில் ஒரு சந்தேகம் கேட்டார்.
அவர் கேட்டது சரி; ஒரு கூட்டல் தப்பு.
ஒன்பது பக்கம் மீண்டது.
மீதியை மறந்துபோனான்,
அல்லது அது அவ்வளவு நன்றாக இல்லை என்று
மறந்ததாகச் சொன்னான்.

கோப்புக்கு என்ன பெயர் என்றேன்.
“இறுதி” என்றான்.
வாயைத் திறக்காமல் அப்படியே தட்டினேன்.
கன்ட்ரோல், ஜி.

சுவரில் இன்னமும் கன்ட்ரோல் எட்டுதான் இருக்கிறது.
நீலம் எடுப்பாகத்தான் இருக்கிறது.