ஏழாம் பத்தி

பாகாவ் பசாருக்கு எதிரே
கைத்தொலைபேசிக் கடையின் மேல்மாடியில்
கண்ணாடி மேசைமேல் ஒரு குப்பியை வைத்தான்.
"குருத்தணு, அக்கா. மூணே ஊசி. அண்ணன் நடப்பாரு."
முப்பத்தெட்டாயிரம் வெள்ளி.
இபிஎஃப்பில் எடுக்கும் வழியையும் அவனே சொன்னான்.
கையெழுத்து?
"அதெல்லாம் எதுக்கு, நம்பிக்கைதானே."

குருத்து எனக்குத் தெரியும்.
செம்பனையில் வண்டு துளைப்பது அங்கேதான்.
மட்டையெல்லாம் வெட்டினாலும் நிற்கும் மரம்,
குருத்து போனால் போச்சு.

யோகநாதன் முதுகில் விழுந்தது மட்டைதான்,
குலையோடு சேர்த்து.
அன்றிலிருந்து அவர் கால்கள் அவருக்கு
யாரோ விட்டுப்போன சாமான்.

கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி.
பதினோரு பக்கம்.
டாக்டர் நூருல் மலாயில் படிக்கப் படிக்க
தாதி புஷ்பலீலா தமிழில் சொன்னாள்:
காசு வேண்டாம். இது சோதனை.
பலனே இல்லாமலும் போகலாம்.
காய்ச்சல் வரலாம். கட்டி வளரலாம்.
இவ்வளவு கெட்ட சேதியை
இவ்வளவு மரியாதையாக
யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

ஏழாம் பத்தி:
'எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல்,
நீங்கள் விலகிக்கொள்ளலாம்.'
இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.
இருபத்தாறு வருஷம் உதிரிப்பழம் பொறுக்கியவள் நான்.
செக்ரோலில் இந்த வரி இல்லை.
கல்யாணப் பத்திரத்திலும் இல்லை.

பேனாவை எடுத்தவர் நிறுத்தினார்.
"இந்த அணு யாருது?"
பிள்ளை பெற்ற ஒருத்தியின் தொப்புள்கொடி.
"அவளக் கேட்டீங்களா?"
கேட்டோம். வலி வருவதற்கு முன்பே கேட்டோம்.
அவளுக்கும் ஒரு தாள் இருக்கிறது,
பெயர் மட்டும் சொல்லமாட்டோம்.

நான் சன்னலைப் பார்த்தேன்.
குவாலா பிலா. தொண்ணூற்றெட்டு. மழை.
ஷர்மினியின் கொடியை வெட்டி
எஃகுத் தட்டில் வைத்துக்கொண்டு போனாள் ஒருத்தி.
எங்கே என்று நான் கேட்கவில்லை.
தரலாமா என்று அவளும் கேட்கவில்லை.
வாளியில் போட்டிருப்பார்கள்.
போட்டிருப்பார்களா?

திரும்பும்போது வேனில்
பதினோரு பக்கமும் அவர் மடியில்,
கடைசிக் கோடு இன்னும் வெறுமையாக.
"யோசிக்க ரெண்டு வாரம் குடுத்திருக்காங்க" என்றார்,
சம்பளத்தோடு லீவு கிடைத்தவர் மாதிரி.

தம்பின் தாண்டும்போது போன் அடித்தது.
மேல்மாடிக்காரன்.
"சலுகை இந்த வெள்ளி வரைக்கும்தான், அக்கா."
போனை வாங்கி இவர் கேட்டார்:
"அந்தக் குப்பியில இருக்கிறது யாரு, தம்பி?"

அந்தப் பக்கம்
ஏர்கான் இரையும் சத்தம் மட்டும்.