கன்னிப்பூ மேய்ச்சல்

ஆரல்வாய்மொழியில் காற்றுக்குப் பஞ்சமில்லை.
ஆடி பிறந்து பதினெட்டு நாள்.
குலசேகரத்தில் மழையாம்,
ரப்பர் மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை கட்டியாயிற்றாம்,
பால்வண்டி டிரைவர் சொல்கிறான்.
அந்த மேகம்தான்
எங்கள் ஸ்டாப்பில் நிற்காத பஸ் மாதிரி
தலைக்கு மேலே வள்ளியூருக்கு ஓடுகிறது.

காற்றாடிக்கு அடியில் எழுபத்திரண்டு ஆடு.
புல் இருந்த இடத்தை
மூக்கால் ஊதி ஊதிப் பார்க்கின்றன.
வெயில் ஏறினால் அதையும் விட்டுவிட்டு
தூணின் நிழலுக்குள் வந்துவிடும்.
வண்டித்தடம் அகலமே உள்ள நிழல்.
ஒன்றன் பின் ஒன்றாய் நிற்கும், ரேஷன் கடை வரிசை.
நிழல் நகர்ந்தால் வரிசை நகரும்.
இறக்கையின் நிழல் முதுகை வெட்டி வெட்டிப் போனாலும்
ஒன்றும் அசைவதில்லை.
உச்சியில் நிழல் தூணுக்குள்ளேயே போய்விடும்.
அப்போது எல்லாம் சேர்ந்து
என்னைப் பார்க்கும்.

ஒடை நெற்று வைகாசியோடு தீர்ந்தது.
பலாக்குழை கட்டு எண்பது ரூபாய்,
பஸ்ஸில் ஏற்றினால் அதற்கும் அரை டிக்கெட்.
வாழைத்தடையை நறுக்கிப் போட்டேன்; தண்ணீர்தான் அது,
வயிறு நிறையும், விலா மூடாது.
கிடாய் பதினொன்றை விற்றேன்.
வியாபாரி மைதீன்பிச்சை தராசைத் தொடவே இல்லை.
விலாவில் விரலை ஓட்டினார்,
ஆர்மோனியத்தில் கட்டை தேடுகிறவர் போல.
அவர் சொன்ன விலைக்கு நான் வாய் திறக்கவில்லை.
வைக்கோல்காரனுக்குக் கடன் இருந்தது.

அன்று சாயங்காலம் தாணுலிங்கம் போன் செய்தார்.
தோவாளைச் சானல் கடைமடையில் இரண்டு ஏக்கர்.
அறுத்த பிறகு கிடை போடத்தான் கூப்பிடுவார்,
ராத்திரிக்கு இத்தனை படி நெல் என்று
கறாராகப் பேசுவார்.

"மாடத்தி, ஆட்ட ஓட்டிட்டு வா."
"அறுத்தாச்சா?"
"அறுக்க என்ன கெடக்கு? வந்து மேய விடு."

நான் கேட்டது ஒன்றுதான்:
யூரியா போட்டு எத்தனை நாள்?
"தண்ணியில்லாத வயலுக்கு எவன் யூரியா போடுவான்?"
சிரித்தார். அல்லது இருமினார்.

காலையில் போனோம்.
பொதி கட்டி, கதிர் பாதி வெளியே வந்து,
அப்படியே நின்றுபோன கன்னிப்பூ.
கையில் உருவினால் பதர்கூட இல்லை, தூசி.
ஹே என்று விரட்டினேன்.
எழுபத்திரண்டும் வரப்பில் வந்து நின்றன.

ஒரு காலும் உள்ளே இறங்கவில்லை.

போன வருசம் இதே வயலில்
சேட்டன் நாலு கதிரைக் கடித்துவிட்டது.
சேட்டன் வெள்ளாடு, களியக்காவிளையில் வாங்கியது,
மந்தைக்கு முன்னால் நடப்பது.
நூறு ரூபாய் அபராதம் கட்டினேன்.
அந்தக் கோபத்தில்
அதன் முன்னங்காலில் போட்ட அடி
எனக்கு மறந்துபோயிருந்தது.

தட்டினேன், தள்ளினேன், கெஞ்சினேன்.
வாய் ஊறி நூலாய் வடிகிறது,
கால் நகரவில்லை.
கடைசியில் தாணுலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டி
சேட்டனைக் குட்டி போலத் தூக்கி
தன் பயிரின் நடுவில் இறக்கிவிட்டார்.
என் கம்பை நான் சானலுக்குள் எறிந்தேன்,
அங்கே விழுந்தாலும் நனையாது.

பிறகுதான் அந்தச் சத்தம்.
எழுபத்திரண்டு வாய்.
காற்றையும் மீறிக் கேட்டது.
அவர் வயலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
"தின்னுதா?" என்றார்.
"தின்னுது."

கணக்குப் பேசினோம்.
தின்ற பயிருக்கு நான் தர வேண்டுமா,
விழுகிற புழுக்கைக்கு அவர் தர வேண்டுமா?
இரண்டு முறை கூட்டினார், போனில்.
"போட்டும்" என்றார்.

நாலு நாளில் வயல் தரையானது.
ஐந்தாம் நாள் காலை.
அடுத்த வயல் ரெத்தினபாயுடையது,
கம்மலை அடகு வைத்து போர் போட்டுக் காப்பாற்றியது.
பச்சை, கண் கூசும் பச்சை.

சேட்டன் அந்த வரப்பு வரை போய் நின்று
கழுத்தைத் திருப்பி
என் கையைப் பார்த்தது.