ஈ கட்டுகிறவள்

பஸ் கம்பெனியைப் பூட்டிய வாரம்
பொடி முள் இருபத்தைந்து வாங்கினேன்,
பதினாறாம் நம்பர்.
அதோடு அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.
கண்ணாடிப் பெட்டிக்குள் மிர்ஸாத் வைத்திருக்கிறான்
இந்தியச் சேவல் ஒன்றின் கழுத்துத் தோலை.
நாற்பத்தெட்டு மார்க்காம்.
எங்கள் தெருச் சேவலுக்கு என்ன குறைச்சல்?

வேலை போனவர்கள் ஈ ஓட்டுவார்கள்.
நான் ஈ கட்டுகிறேன்.

ஹஸ்னியாவின் சேவல் வேலி தாண்டும்போதெல்லாம்
கம்பியில் ஓர் இறகு விட்டுப்போகும்.
அவள் நாய்க்கு முடி வெட்டினால்
காதோரத்துப் பழுப்பு எனக்கு.
எரிந்துபோன ஹேர் டிரையரைப் பிரித்தேன்,
உள்ளே ஆயுசுக்கும் போதுமான செம்புக் கம்பி.
சிப்ஸ் பொட்டலத்தின் உள்பக்க வெள்ளி.
பசைக்கு நகப்பூச்சு
(நகத்துக்கு அது போய் மூன்று வருடமாகிறது).
குறட்டின் கைப்பிடியில் ரப்பர் வளையம் மாட்டினால்
முள்ளைக் கவ்விக்கொள்ள மூன்றாவது கை.

கல்லுக்கடியில் ஊர்கிற புழுவுக்கு
கருப்பாக, மினுக்கலாக ஒரு முதுகு வேண்டும்.
அலமாரி மேலே எங்கள் கல்யாணம், மூன்று கேசட்.
மூன்றாவதில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள்,
அவ்வளவுதான்.
அதைத்தான் உருவினேன்.
ஒரு முதுகுக்கு ஒரு விரற்கடை நாடா.
அதில் யார் இருந்தார்களோ.
ரெஃபிக்கின் மாமா இரண்டாம் தடவை
ஆட்டிறைச்சி கேட்கிற இடமாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ரெஃபிக் பேசினான், ஸ்டுட்கார்ட்டிலிருந்து.
பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.
"கேசட்டெல்லாம் பத்திரமா இருக்கா?"
"மூணாவது ஆத்துல ஓடுது."
சிரித்தான்.
ஜெர்மனியில் சிரிப்பு மலிவாகியிருக்க வேண்டும்.

சானா அந்த வாரம் தெளிந்து கிடந்தது.
மில்லின் பழைய மதகுக்குக் கீழே
முதுகுத் துடுப்பைப் பாய்மரம்போல் விரித்துக்கொண்டு
ஒரு லிப்யென், நகராமல்.
கல்யாண முதுகைப் பார்த்தது, ஒதுங்கியது.
நாய்முடிக்கு அருகில் வந்தது, மனம் மாறியது.
சிப்ஸ் வெள்ளியை ஒரு குட்டி கடித்துத் துப்பியது.
எதிர்க்கரையில் மிர்ஸாத், நாற்பத்தெட்டு மார்க் இறகோடு.
அவனுக்கும் ஒன்றும் மாட்டவில்லை,
எனக்கு அது பாதி சாப்பாடு.

தண்ணீர் மேல் பறந்தது என்ன நிறம்?
சாம்பல் என்று சொல்லிவிடலாம்.
ஆனால் நீலம் ஒன்று உள்ளே,
துரு போல ஒன்று அதற்கும் உள்ளே.
திரைச்சீலையில் தேடினேன், கம்பளியில் தேடினேன்,
வாக்குவம் கிளீனரின் வயிற்றைக் கிழித்துக்
கூடமெல்லாம் தும்மினேன்.

கடைசியில் கண்டக்டர் கோட்டின் வலப்பக்கப் பை.
பதினெட்டு வருடச் சில்லறை உரசி உரசி
துணி தன்னைத் தானே உதிர்த்துக்கொண்ட பஞ்சு,
காசின் கறை ஏறி,
டிக்கெட் பொடி கலந்து,
தையல் மூலையில் சுருண்டிருந்தது.
பையை வெளியே இழுத்துக் காட்டினேன்
கடன்காரனுக்குக் காட்டுகிற மாதிரி.
எதிரே யாருமில்லை.

விரலில் மெழுகு தேய்த்து, நூலில் முறுக்கி,
ஹஸ்னியா சேவலின் இறகைக் கழுத்தில் சுற்றி,
மூன்று ஈ.
அதற்கு மேல் பஞ்சு இல்லை.

முதலாவதை வில்லோ மரம் வாங்கிக்கொண்டது.
இரண்டாவதை லிப்யென் எடுத்தது.
எடுத்தது என்றால்
மாதாந்திரப் பயணி டிக்கெட் எடுப்பதுபோல,
தலையைக்கூட நிமிர்த்தாமல்.
முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
மிர்ஸாத் பாலம் சுற்றி வந்து தானே அளந்தான்.
"எதுல கட்டின?"
"சம்பளத்துல."

வெண்ணெயில் பொரித்தேன்.
வால்பக்கம் ஹஸ்னியாவுக்கு, சேவலின் பங்கு.
முள் எடுத்து எடுத்து நாய்க்கும் ஒரு வாய்.

மூன்றாவது கோட்டின் காலரிலேயே குத்தியிருக்கிறது.
கோட்டை இன்னும் துவைக்கவில்லை.
இடப்பக்கமும் ஒரு பை உண்டு,
அதில் கைக்குட்டைதான் வைப்பேன்,
அந்தப் பஞ்சு வெள்ளை.

வெள்ளை ஈ ஆகஸ்ட்டில் வரும்.