பாலம் தூக்குபவள்

படகுக்காரர் மூன்று தரம் ஊதினார்.
ஸீட்ஸ்கேயின் வலக்கை
பொத்தானுக்குப் போகாமல்
மடியிலேயே கிடந்தது.
பாலம் என்ற சொல்லும் வரவில்லை,
பதினோரு வருஷமாய்த் தூக்கி இறக்கும் பாலம்.

முப்பத்தாறு வயது.
புகை இல்லை, சர்க்கரை இல்லை.
அப்பா வழியில் வந்த,
சட்டென உறைகிற ரத்தம் என்றார்கள்.
காலில் திரண்ட கட்டி
பிறந்தது முதல் மூடாத
இதயத் துளைக்குள் புகுந்து
தலைக்கு ஏறியிருக்கிறது.
தூண்டிலில் மரச்செருப்பு தொங்கவிட்டு
சுங்கம் கேட்பவள் அவள்.
அங்கே கேட்க ஆளில்லை.

இப்போது வியாழன்தோறும்
விரல்நுனியில் ஒரு சொட்டு.
இரண்டரை என்றால்
காபிக்குக் கேக்கும் உண்டு.

தம்பி டௌவா
இன்னும் சோதனைக்குப் போகவில்லை.
ஸ்கேட்டைத் தீட்டியபடி போனில் கேட்கிறான்:
"இந்த வருஷமாவது உறையுமா?"

கால்வாயைத்தான்.