பூட்டிய வீடு

ஒரு கதவுக்குப் பன்னிரண்டு ரூபாய்.
பெயிண்ட் அவர்களுடையது, பிரஷ் என்னுடையது.
உள்ளூர் ஆளென்றால் நாய் குரைக்காது,
பெண்கள் கத்த மாட்டார்கள் என்று
கான்ட்ராக்டர் என்னைப் பிடித்தார்.

கூவம் கரையில் அறுபது வருஷமாய்
அதற்குப் பெயர் திடீர் நகர்.
முளைத்ததுதான் திடீரென்று என நினைத்திருந்தோம்.

மாசிலாமணி கதவில் ஒன்று.
"குண்டா எழுதுபா, மழையில போயிடப் போவுது"
என்றவர் எனக்கு டீ வாங்கிவந்தார்.
எண் விழுந்தவர்களுக்குத்தான் வீடு.
ஹமீதா கதவைத் துடைத்துக் காய வைத்திருந்தாள்.
சேட்டு வீட்டுக்குக் கதவே இல்லை, சாக்குதான்.
எங்கிருந்தோ ஒரு பலகையைத் தூக்கிவந்து
வாசலில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான்:
"இதுல போடு."
போட்டேன். முப்பத்தொன்பது.
அடுத்த வீட்டில், கல்யாணமான மகனுக்காக
ராவோடு ராவாக நடுவில் தட்டி வைத்திருந்தார்கள்.
நாற்பது. நாற்பது அ.
அதிகாரி சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.
நல்ல மனுஷர்,
அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

அறுபத்தேழுக்கு அடுத்தது பவுனு வீடு.
வெளியே பூட்டு.

ஜி.எச்.சில் அவளுக்கு ராத்திரி டியூட்டி.
காலையில் வந்து படுத்தால்
தண்ணி லாரி சத்தத்துக்குத்தான் எழுந்திருப்பாள்.
யாரும் தட்டி எழுப்பிவிடக் கூடாதென்று
மகள் வெளியே பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள்.
இது எனக்குத் தெரியும்.
அதிகாரிக்குத் தெரியாது.
"பூட்டிய வீடு" என்றார்.
கூட வந்த பெண் டேப்லெட்டில் தட்டினாள்.

உள்ளே டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது,
ஒரு இறக்கை எதிலோ உரசி உரசி.

தூங்கட்டும், பாவம், என்று நினைத்தேன்.
அப்படித்தான் இப்போது சொல்லிக்கொள்கிறேன்.
வெயில் ஏறியிருந்தது.
அந்தப் பக்கம் இன்னும் நூறு கதவு,
பன்னிரண்டால் பெருக்கிக்கொண்டிருந்தேனோ என்னவோ.
பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு அவள் படியில் விழுந்தது.
செருப்பால் தேய்த்துவிட்டு நகர்ந்தேன்.

கடைசியில் என் கதவு, நூற்று எழுபத்தொன்று.
அதற்கும் பன்னிரண்டு ரூபாய்
கணக்கெழுதி வாங்கினேன்.

டோக்கன் கொடுத்த நாளில்
பவுனு ஒரு துணிக்கடைப் பையோடு வந்தாள்.
ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை,
கரண்ட் பில், மகளின் மார்க் ஷீட்.
எல்லாவற்றிலும் அவள் இருந்தாள்.
டேப்லெட்டில் மட்டும் பூட்டியிருந்தாள்.

வரிசையில் என்னைப் பார்த்துக் கேட்டாள்:
"அன்னைக்கு ஃபேன் ஓடிச்சா?
ஓடற சத்தம் வெளிய கேக்குமே."
"கரண்ட் இல்லக்கா" என்றேன்.
தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்பதுதான்.

எனக்குப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடி.
லிஃப்ட் ஓடும் நாளில் ஓடும்.
பவுனு வியாசர்பாடியில் வாடகைக்கு என்றார்கள்,
எண்ணூர்ப் பக்கம் என்றார்கள்.
ஜி.எச். வழியாகப் பஸ் போகும்போது
நான் மறுபக்க ஜன்னலைப் பார்ப்பேன்.

போன மாதம் கான்ட்ராக்டரே கூப்பிட்டார்.
கரையில் வாக்கிங் பாதை போட்டாகிவிட்டது,
நூறு மீட்டருக்கு ஒரு எண் எழுதணும்,
உன் கையெழுத்துதான் குண்டா இருக்கும்.
இரண்டு பஸ் மாறி விடியும்முன் போய்ச் சேர்ந்தேன்.
புல் வைத்திருக்கிறார்கள். பெஞ்ச் இருக்கிறது.
கூவம் மட்டும் பழைய நாற்றத்தோடு
அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தது.
டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவைத்திருக்கிறார்கள்.
அதை வைத்துத் தெருவைக் கூட்டிப் பார்த்தேன்:
இது குழாயடி, இது சேட்டு, இது தட்டி வைத்த வீடு.
டேப்பை இழுத்துக்கொண்டே போனேன்.
மூன்றாவது நூறு எங்கே முடிகிறதென்று
டேப் சொல்லுமுன்பே கால் சொல்லிவிட்டது.

குத்துக்காலிட்டு எழுதினேன். வெள்ளை பெயிண்ட்.
முன்னூறு.

ஷூ போட்ட ஒருவர் மூச்சு வாங்க வந்து நின்றார்.
"காய எவ்ளோ நேரமாகும்?"
"அரை மணி சார், கொஞ்சம் சுத்திப் போங்க."

ஏனோ குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன்.