பதினோராம் பக்கத்தில் மழை

வட்டார வள மையத்திலிருந்து வந்த பெட்டியில்
இருபத்திரண்டு படப் புத்தகங்கள்.
எழுத்து கொஞ்சம், நிறம் நிறைய.
மொழிபெயர்க்காதீர்கள்,
படத்தைக் காட்டுங்கள், காத்திருங்கள் என்று
பயிற்சியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

காட்டினேன். காத்திருந்தேன்.

மூன்றாம் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று தரை,
நடுவில் ஒரு நரி.
ஸ்னோ என்று நான் வாய் திறப்பதற்குள்
உப்பு என்றான் தினேஷ்வரன்.
அவன் சித்தி வீடு வேதாரண்யம்.
உப்பளத்துல நரி வரும் டீச்சர், நான் பாத்திருக்கேன்.
இந்தப் பள்ளியில் பனியைத் தொட்டவர் எவருமில்லை,
நான் உட்பட.
அன்று முழுக்க அந்த நரி
உப்பில்தான் நடந்தது.

பதினோராம் பக்கத்தில் மழை.
மஞ்சள் பூட்ஸ் போட்ட பையன் ஒருவன்
குட்டையில் குதிக்கிறான்.
கீழே ஒரே வரி:
இட் இஸ் ரெய்னிங், ஹுர்ரே!

ஐப்பசி பிறந்து நாலு நாள்.
பூவனூர் வானம் காலையிலிருந்தே
கழுவாத அலுமினியத் தட்டாய்க் கிடந்தது.
நான் கையசைத்த அளவுக்கு வகுப்பு ஹுர்ரே சொன்னது.
மகிஷா சொல்லவில்லை.
படத்துக்குள் எதையோ தேடினாள்,
பையனுக்குப் பின்னால், மரத்துக்குப் பின்னால்,
தாளைத் திருப்பி அதன் முதுகிலும்.

இவங்க நெல்லு எங்க டீச்சர்?
மூடிட்டாங்களா?

கொள்முதல் நிலைய வாசலில்
ஒன்பது நாளாய் அவர்கள் குவியல்.
அம்மா ராத்திரி அங்கேதான் படுக்கிறாள்.

அதன் பிறகு பலகையில் நான் எழுதியதெல்லாம்
அவர்கள் எனக்குச் சொன்னது.
டோக்கன். லோடு. மாய்ஸ்ச்சர்.
செவன்டீன் பெர்சென்ட் டீச்சர்,
அதுக்கு மேல போனா எடுக்க மாட்டாங்க.
பத்துக்கு மேல் ஆங்கிலத்தில் எண்ணத் திணறும் பெண்,
பதினேழை மட்டும் பிசிறில்லாமல் சொன்னாள்.

நெல்லுக்கு இங்கிலீஷ்ல என்ன?
பேடி என்று வந்தது நாக்கு நுனி வரை.
நம்மூர்க் காதில் அது வேறாய் விழும்,
விழுங்கிவிட்டு ரைஸ் என்றேன்.
அப்ப அரிசி? அதுவும் ரைஸ்.
சோறு? அதுவும்.

அஃப்ரித் எழுந்தான்:
அப்ப நெல்லு நனைஞ்சா சோறாயிடுமா?

கூரை அதிரச் சிரித்தோம்.
மகிஷாவும் சிரித்தாள்,
கொஞ்சம் தாமதமாக.

மதியம் பார்த்தால், புத்தகத்தில்
பூட்ஸ் பையனுக்குப் பின்னால்
பால்பாயிண்ட் பேனாவில் ஒரு குவியல்,
அதன் மேல் நீலத் தார்ப்பாய்,
காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலைக்கும் நாலு கல்.
பையன் வாயிலிருந்து கோடிழுத்து
தமிழ் எழுத்தில் ஆங்கிலம்:
கவர் த ரைஸ்.
அவள் சொந்தமாய் அமைத்த முதல் வாக்கியம்.
ஏவல் வாக்கியம். ஒரு பிழையுமில்லை.
அரசுச் சொத்து, கிறுக்கக் கூடாது என்ற முத்திரை
பக்கத்திலேயே ஊதா நிறத்தில் இருந்தது.
பதிவேட்டில் 'சேதம்' என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதினேன்.

மூன்றரைக்கு ஓட்டில் முதல் துளி.
பையைக்கூட எடுக்காமல் அவள் ஓடினாள்,
வீட்டுப் பக்கம் அல்ல.
ஸ்கூட்டி சீட்டுக்கடியில் என் மழைக்கோட்டு இருந்தது.
பின்னாலேயே போய்க் கொடுத்தேன்.
போட்டுக்கொள்வாள் என்று நினைத்தது
என் தவறு.

நாலு நாள் கழித்து மடித்துக் கொண்டுவந்தாள்.
ஒரு ஓரத்துக்குச் சரியா இருந்துச்சு டீச்சர்.
சேற்று வாடை. பையின் மூலையில்
ஏழெட்டு நெல்,
நுனியில் வெள்ளையாய் முளை.

இதுக்கு என்ன சொல்லுவாங்க, இங்கிலீஷ்ல?

எனக்குச் சொல் தெரியும்.
அழகான சொல்தான்,
விதைப் பாடத்தில் சூரியன் சிரிக்கும் படத்தோடு வரும்.
வாயில் வரவில்லை.
உள்ளங்கையில் கொட்டி வைத்துக்கொண்டு
நின்றேன்.